அகாதெமிக்காக ஆயிரம் பக்கம்: முதல் நாவல்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பரில் எனக்கு இரண்டு வேலை ஒன்றாக வந்து விழும். சென்னைப் புத்தகக் காட்சிக்குள் அச்சேற வேண்டிய நாவல்களின் கடைசி மெய்ப்பு, அதாவது பிழை திருத்தம், ஒன்று. சாகித்திய அகாதெமி விருது அறிவித்த மறுநாள் தொடங்கும் தொலைபேசி அழைப்புகள் இன்னொன்று. "இந்த வருஷம் குடுத்திருக்காங்களே, அதே மாதிரி ஒண்ணு எங்கிட்டயும் இருக்கு. பாத்துத் தர்றீங்களா?" பிறர் எழுதிய பிரதியைப் பார்த்துத் திருத்துவதுதான் பிழைப்பு என்பதால் மறுப்பதில்லை. திறந்து பார்த்தால், எழுத வந்த புதிதில் எனக்கிருந்த அதே மயக்கங்கள், ஏறக்குறைய அதே வரிசையில்.

ஒற்றுப்பிழை, ளகர லகரக் குழப்பம், பாதியில் மாறிப்போகும் எழுத்துரு இவற்றையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். பெரிதாக ஒன்று எழுதி தேசிய அளவில் பேசப்பட வேண்டும் என்று நினைத்து உட்காருகிறவர்கள் சறுக்கும் இடங்கள் மட்டும்தான் இங்கே.

வருடக் கணக்கு தெரியாமல் அவசரப்படுவது

இந்த டிசம்பருக்குள் புத்தகம் வந்துவிட்டால் இந்த வருடமே பரிசீலனைக்குப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. விருது ஆண்டுக்கு முந்தைய ஓராண்டைத் தள்ளிவிட்டு, அதற்கும் முந்தைய ஐந்து ஆண்டுகளில் முதல் பதிப்பு கண்ட நூல்கள்தாம் கணக்கில் வந்திருக்கின்றன. 2022 விருதென்றால் 2016 ஜனவரியிலிருந்து 2020 டிசம்பர் வரை. 2019இல் வந்த நாவலுக்கு 2021க்கு முன்னால் வாய்ப்பே கிடையாது. அங்கிருந்து 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் 2009இல் வந்தது, விருது 2013இல். சோ. தர்மனின் 'சூல்' 2016இல் வந்தது, விருது 2019இல். விதிகளில் அவ்வப்போது கைவைப்பார்கள் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பையும் ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

இது தெரியாதவர் நவம்பரில் நாவலை முடித்துவிட்டுப் பதிப்பாளரின் கழுத்தில் ஏறி உட்காருவார். கடைசி எழுபது பக்கத்துக்கு மெய்ப்பே நடக்காது. நாலாம் அத்தியாயத்தில் செத்துப்போன சித்தப்பா முப்பதாம் அத்தியாயத்துக் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பார். ஐந்து வருடம் எழுதிய நாவலுக்கு இன்னும் ஐந்து மாதம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? இன்னொன்று: புத்தகக் காட்சிக்கென்று டிசம்பர் கடைசியில் வரும் நூல்கள் சிலவற்றில் அடுத்த ஆண்டு ஜனவரி என்று அச்சாகியிருக்கும். உரிமைப் பக்கத்தில் எந்த ஆண்டு இருக்கிறது என்று அச்சுக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். பின்னால் தகராறு வேண்டாம்.

இது நாவலுக்கான விருது என்று நினைத்துக்கொள்வது

நாவலுக்கென்று தனியாக எதுவும் இல்லை. 24 மொழிகளில் மொழிக்கு ஒரு நூல். கவிதை, சிறுகதை, நாடகம், கட்டுரை, விமர்சனம், ஆய்வு எல்லாம் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். 2024இல் தமிழுக்குக் கிடைத்தது ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்ற வரலாற்று ஆய்வு நூலுக்கு.

பழைய பட்டியலைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1974 முதல் 1986 வரையிலான பதிமூன்று ஆண்டுகளில் புனைவு வாங்கியது நான்கே முறை: இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', தி. ஜானகிராமனின் 'சக்தி வைத்தியம்', கண்ணதாசனின் 'சேரமான் காதலி', லக்ஷ்மியின் 'ஒரு காவிரியைப் போல'. 1976இல் தமிழுக்கு விருதே இல்லை. மீதி எட்டு ஆண்டும் விமர்சனமும் இலக்கிய வரலாறும் கட்டுரைகளும். தமிழ் நாவல் மூச்சுவிடாமல் புதியவற்றைச் செய்துகொண்டிருந்த காலம் அது. அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' வந்தது அப்போதுதான். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்தது அப்போதுதான். பூமணியின் 'பிறகு', 'வெக்கை' இரண்டும் அப்போதுதான். விருதுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் காலத்தை ஒருவர் புரிந்துகொள்ளப் பார்த்தால், தமிழர்கள் கதை எழுதுவதை விட்டுவிட்டு விமர்சனம் மட்டும் எழுதினார்கள் என்றுதான் முடிவுக்கு வருவார்.

பக்கத்தைக் கூட்டினால் நாவல் பெரிதாகிவிடும் என்று நம்புவது

இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஆண்டுகளையும் பணத்தையும் அதிகம் விழுங்குவது இதுதான். இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துவதும் இதுதான்.

2011 முதல் 2014 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பெரிய நாவல்கள் விருது வாங்கின. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்', டி. செல்வராஜின் 'தோல்', ஜோ டி குரூஸின் 'கொற்கை', பூமணியின் 'அஞ்ஞாடி'. இவற்றில் 'தோல்' தவிர மற்ற மூன்றும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியவை. கனத்த நாவல்களுக்கு அதற்கு முன்பும் கொடுத்திருக்கிறார்கள், சி.சு. செல்லப்பா மறைந்த பிறகு 2001இல் விருது பெற்ற 'சுதந்திர தாகம்' மூன்று பாகம். ஆனால் அடுத்தடுத்து நான்கு என்பது புதிது. பெரிய முயற்சிகளைத் திரும்பிப் பார்க்கிறார்களே என்று வாசகர்கள் பலர் மகிழ்ந்தார்கள், நியாயமான மகிழ்ச்சிதான். எழுத வந்தவர்களோ அதிலிருந்து ஒரு சூத்திரத்தை வடித்து எடுத்துக்கொண்டார்கள்: ஒரு வட்டாரம், ஒரு தொழில், ஒரு சாதி, ஐந்து தலைமுறை, ஆயிரம் பக்கம். அதற்குப் பிறகு என் வீட்டுக்குப் பிரதிகள் கிலோக் கணக்கில் வரத் தொடங்கின. இலை பெரிதாக இருந்தால் விருந்தும் பெரிது என்று நினைப்பவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தெற்கேயிருந்து ஓர் இளைஞர் வந்தார். செக்காட்டும் குடும்பம். அப்பா காலத்தில் ரோட்டரி எந்திரம் வந்து மாட்டுச் செக்கு நின்றுபோயிற்று. இவர் படித்து நல்ல வேலைக்குப் போய்விட்டார். பிரதியை இரண்டு துணிப்பையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு அவர் சொன்ன முதல் வாக்கியம், "காவல் கோட்டம் ஆயிரத்து நாப்பத்தெட்டுப் பக்கம் சார். நம்மது லே-அவுட் முடிஞ்சா அதைத் தாண்டிரும்."

வாசித்தேன். முதல் இருநூறு பக்கம் கதையே இல்லை. பாண்டியர் கல்வெட்டில் தொடங்கி, நாயக்கர் வந்து, பாளையக்காரர் போர் நடந்து, கிழக்கிந்தியக் கும்பினிக் கலெக்டர்களின் கடிதங்கள் வரிசையாக வந்து, தாது வருஷப் பஞ்சம் முடிந்த பிறகுதான் ஒரு மனிதர் திண்ணையில் வந்து உட்காருகிறார். அவரும் நிம்மதியாக உட்காரவில்லை. எண்பது வயது, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பேரனிடம் 1881ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கைப் புள்ளிவிவரத்தோடு ஒப்பிக்கிறார். யார் வாயைத் திறந்தாலும் கெஸட்டியர், வெள்ளைக்காரன் காலத்து மாவட்ட விவரப் புத்தகம். காதலிக்கிறவன்கூட அவளிடம் வாகைமரச் செக்குக்கும் கல்செக்குக்கும் உள்ள வேறுபாட்டை ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்குகிறான். பாவம், அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அறுநூறு பக்கத்துக்கு அப்பால் ஒரு பாட்டி வந்தாள். ஆட்ட எள் வராத வீட்டில், விடியும் முன்பே மாட்டைப் பூட்டி வெறும் செக்கைச் சுற்றவிடுகிறாள். சுற்றாவிட்டால் மாடு தீனி எடுப்பதில்லை என்று ஊராரிடம் சொல்கிறாள். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் அவளால்தான் சாப்பிட முடியவில்லை என்று நமக்குத் தெரிகிறது. அவளுக்கும் அந்த மாட்டை விற்கத் தரகரைக் கூட்டிவரும் மகனுக்கும் நடுவே நடப்பதெல்லாம் ஓர் இருநூற்றைம்பது பக்கம் இருக்கும். அசல் நாவல் அதுதான். தமிழில் நான் அதுவரை வாசிக்காத ஒன்று அதில் இருந்தது. மாலையே கூப்பிட்டுச் சொன்னேன்: "தம்பி, பாட்டியிலேருந்து தொடங்குங்க. மத்ததை எடுத்துருவோம்."

"எடுத்துட்டா வரலாறு எங்க சார் இருக்கு?"

பாட்டியின் காலில்தான் இருக்கிறது என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்கவில்லை. வேறொரு பதிப்பகம் அவரிடம் இப்படியே அடிப்போம், அகாதெமி உறுதி என்று சொன்னது. கெட்டி அட்டை, இரண்டு தொகுதி, அச்சுச் செலவு முழுவதும் அவருடையது. மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று. அகாதெமி விருதின் தொகை 1 லட்சம் ரூபாய். ஆயிரம் பக்க நாவலைக் கெட்டி அட்டையில் ஐந்நூறு பிரதி அடிக்க அதைவிட அதிகம் ஆகும். இந்தக் கணக்கை அவருக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை. நான் போட்டபோது அவர் கேட்கிற மனநிலையில் இல்லை. நாவலைப் பற்றி ஒரு மதிப்புரைகூட வரவில்லை. விலையைப் பார்த்து நூலகங்கள் ஒதுங்கின. அவர் அடுத்த நாவலை எழுதவில்லை. பாட்டியும் மாடும் அந்த இரண்டு தொகுதிக்குள் எங்கோ கிடக்கிறார்கள். அந்தப் பதிப்பகக்காரரைப் புத்தகக் காட்சியில் பார்த்தால் நான் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன்.

சரி, கனத்த நாவல்கள் எப்படி நிற்கின்றன? 'காவல் கோட்டம்' மதுரையின் அறுநூறு ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. மாலிக் காபூர் படையெடுப்பில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வருகிறது. ஆனால் அத்தனையையும் இழுத்துக் கட்டுவது காவல், களவு என்னும் ஒரே முடிச்சு. ஊரைக் காத்தவனும் களவுக்குப் போனவனும் ஒரே ஆள். அவனிடமிருந்த காவலை வெள்ளைக்காரன் பிடுங்கிப் போலீஸிடம் கொடுத்துவிட்டு அவனைக் குற்றப் பரம்பரை என்று பட்டியலில் எழுதினான். அந்த முடிச்சுக்குத் தொடர்பில்லாத மன்னர்களுக்கு அங்கே வேலை இல்லை. இதற்குப் பிறகும் அந்த நாவலில் தகவல் கூடிப்போயிற்று என்று சொன்னவர்கள் உண்டு. அவ்வளவு பிடிப்புள்ள நாவலுக்கே அந்தப் பேச்சு என்றால் மற்றவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

'அஞ்ஞாடி'யில் கழுகுமலைக் கலவரமும் (1895) சிவகாசிக் கொள்ளையும் (1899) வருகின்றன. ஆவணம் தோண்டாமல் எழுத முடியாத பகுதிகள். ஆனால் பூமணி அங்கே தொடங்கவில்லை. ஆண்டி, மாரி என்று இரண்டு கூட்டாளிகள், கலிங்கல் என்று ஒரு கிராமம், அவர்களுடைய பேச்சு, கேலி, சாப்பாடு, சாவு. நாம் அந்த ஊரில் குடியேறி வெகுகாலம் ஆன பிறகுதான் கலவரம் வருகிறது. அதனால்தான் அது நம் வீட்டில் நடப்பதுபோல இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இதை எழுதும் முன் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறிய நாவல்களும் சிறுகதைகளும் எழுதியவர். முதல் நாவலிலேயே ஆயிரம் பக்கம் எழுதி வென்றவர் சு. வெங்கடேசன், அந்த ஒருவரைக் காட்டியே எல்லோரும் என்னிடம் வாதாடுகிறார்கள். ஜோ டி குரூஸ் கப்பல் தொழிலில் இருப்பவர். 'கொற்கை'க்கு முன்னால் 'ஆழி சூழ் உலகு' எழுதிக் கை பழகியவர். தோணியில் எந்தக் கயிறு எங்கே கட்டும் என்பது அவருக்குக் குறிப்பேட்டிலிருந்து வந்ததல்ல.

இப்போது மெலிந்த நாவல்களைப் பாருங்கள். இந்தப் பக்கத்தை யாரும் பார்ப்பதே இல்லை. 1993இல் விருது பெற்ற எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' சின்னப் புத்தகம். ஒரு மனிதனின் காதுக்குள் ஓயாமல் ஒலிக்கும் குரல்கள், ஆபாசமும் மிரட்டலும் தெய்வமும் கலந்து; வெளியே கடனும் குடும்பமும். தமிழில் அதற்கு முன்மாதிரி கிடையாது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு தானே பட்ட அவஸ்தையை அவர் அப்படி எழுதினார். 'குருதிப்புனல்' 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியை எடுத்துக்கொண்டது. அதுவும் ஓரிரு அமர்வில் முடித்துவிடக்கூடிய அளவுதான். இமையத்தின் 'செல்லாத பணம்' (2020) பெரும்பகுதியும் ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் நடக்கிறது. வெளியே காத்திருப்பவர்களின் பேச்சு, அழுகை, யாரைக் குற்றம் சொல்வது என்ற சண்டை. அதற்குள் ஒரு சமூகத்தின் கல்யாணம், சாதி, பணம் எல்லாம் வந்துவிடுகின்றன. தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' (2023) கொங்கு நாட்டுக் குடிநாவிதர்களைப் பற்றியது. ஒரு சாவு வீட்டில் கூடும் உறவுகளை வைத்தே ஒரு சமூகத்தின் கதையைச் சொல்லிவிடுகிறது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. இவற்றில் எதை முயற்சி குறைந்தது என்று சொல்வீர்கள்?

கனத்த பிரதி வைத்திருப்பவர்களிடம் நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான். ஓர் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அடுத்து வருவதை வாசியுங்கள். யாருடைய முடிவாவது, யாருடைய கோபமாவது புரியாமல் போகிறதா? போகவில்லையென்றால் அந்த அத்தியாயம் உங்கள் குறிப்பேட்டுக்கு உரியது. அடுத்து, தேடிப்பிடித்த ஒவ்வொரு தகவலையும் ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். கும்பினி உப்புக்கு வரி போட்டது என்பது தகவல். இரவில் உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வயல் வரப்பில் நடக்கிறவளுக்கு அது பயம். பயமாக மாறாத தகவலை வெட்டுங்கள். வெட்டியதை எறிய வேண்டாம். கட்டுரையாக எழுதுங்கள், நானே வாசிப்பேன்.

விருது வாங்கிய நூலை அந்த எழுத்தாளரின் உச்சம் என்று எடுத்துக்கொள்வது

நடுவர்கள் முன்னால் இருப்பது குறிப்பிட்ட சில ஆண்டுகளின் புத்தகங்கள். ஓர் எழுத்தாளரின் ஆகச்சிறந்த நூல் அந்த ஆண்டுகளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சிறந்ததை எழுதியபோது கவனிக்காமல் விட்டு, பிற்பாடு வந்த ஏதோ ஒன்றுக்குக் கொடுத்துக் கடனைத் தீர்த்தது பலமுறை நடந்திருக்கிறது. 'மோகமுள்'ளும் 'அம்மா வந்தா'ளும் எழுதிய ஜானகிராமனுக்கு ஒரு சிறுகதைத் தொகுப்பு. 'அபிதா' எழுதிய லா.ச.ரா.வுக்கு 'சிந்தாநதி', அது நினைவுக் கட்டுரைகள். 'பொய்த்தேவு' எழுதிய க.நா.சு.வுக்கு விமர்சன நூல். நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968இல் வந்தது. அவருக்கு விருது 2007இல், 'இலையுதிர் காலம்' நாவலுக்கு. 'கிருஷ்ணப் பருந்து' எழுதிய ஆ. மாதவனுக்கு 2015இல், 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்கு. ஒருவருக்கு ஒருமுறைதான் என்பது விதி. அதனால் பின்னால் திருத்திக்கொள்ளவும் வழியில்லை.

எழுதப் பழகுகிறவர் விருதுப் பட்டியலை மட்டும் வாங்கி அடுக்கிப் படித்தால் இழப்பு அவருக்குத்தான். பட்டியலில் உள்ள பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்; புத்தகத்தை நல்ல வாசகர் ஒருவரிடம் கேட்டு வாங்குங்கள்.

டெல்லிக்காரர்களுக்குப் புரியாது என்று வட்டார வழக்கைச் சலவை செய்வது

தமிழ் நூலைத் தேர்ந்தெடுக்கும் மூன்று நடுவர்களும் தமிழ் வாசிப்பவர்கள். டெல்லியில் அகாதெமி இருக்கும் ரவீந்திர பவனில் யாரும் உங்கள் நாவலை இந்தியில் பெயர்த்துவைத்துக்கொண்டு மதிப்பெண் போடுவதில்லை. கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சோடுதான் 1991இல் 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு வாங்கினார். தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யில் மலையாளமும் அரபுச் சொல்லும் கலந்த குமரி மாவட்டக் கடலோர முஸ்லிம்களின் தமிழ். 1997இல் அதற்குக் கிடைத்தது. பக்கத்துக்குப் பத்து அடிக்குறிப்புப் போட்டு "அங்கிட்டு – அந்தப் பக்கம்" என்று விளக்குவதையும் நிறுத்துங்கள். வாசகர் புரிந்துகொள்வார்.

நடுவர் யாராக இருக்கும் என்று விசாரிப்பது

பெயர்கள் அறிவிப்போடு பத்திரிகைக் குறிப்பிலேயே வரும். அதற்கு முன்பு விசாரிக்கிறவரின் பெயர் அதைவிட வேகமாக ஊருக்குத் தெரிந்துவிடும்.

நாலு பேரிடம் முன்னுரை வாங்குவது

ஒன்றுகூட வேண்டாம்.

கிடைக்காதவர்களின் பட்டியலில் தன் பெயரையும் சேர்த்துக்கொள்வது

"சுந்தர ராமசாமிக்கே குடுக்கல, நமக்கா குடுக்கப் போறாங்க" என்பார்கள், ஒரே ஒரு நாவல் எழுதியவர்கள். உண்மைதான், அவருக்குக் கொடுக்கவில்லை. 'புயலிலே ஒரு தோணி' எழுதிய ப. சிங்காரத்துக்கும் கொடுக்கவில்லை. மெடானும் பினாங்கும் இரண்டாம் உலகப் போரும் இந்திய தேசிய ராணுவமும் கொண்ட அந்த நாவலை எழுதிவிட்டு அவர் மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தம் எழுதியது இரண்டு நாவல். தன்னை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று மேடை மேடையாகப் பேசவில்லை. அந்தப் பட்டியலை ஆறுதலுக்கு எடுத்துக்கொள்வதானால் அதிலுள்ள நூல்களையும் வாசித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்த பிறகு பலர் அந்த வாக்கியத்தைச் சொல்வதை விட்டிருக்கிறார்கள்.

வேண்டாம் என்று இருந்தவர்களும் உண்டு, அது வேறு கணக்கு. 2017இல் இன்குலாப்பின் 'காந்தள் நாட்கள்' கவிதைத் தொகுப்புக்கு அறிவித்தார்கள். அவர் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. அரசின் விருதுகளை ஏற்பதில்லை என்பது அவர் நிலைப்பாடு என்று சொல்லிக் குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள்.

இளையவர்களுக்கான விருதை இரண்டாம் தரமாகப் பார்ப்பது

35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று அகாதெமியின் யுவ புரஸ்கார் 2011இலிருந்து இருக்கிறது. தொகை 50,000 ரூபாய். லக்ஷ்மி சரவணகுமாரின் 'கானகன்' நாவல், சுனில் கிருஷ்ணனின் 'அம்பு படுக்கை' சிறுகதைத் தொகுப்பு, கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்' நாவல் இவையெல்லாம் அதில் வந்தவை. மூன்றில் எதுவும் தலையணை அளவு இல்லை. முதல் புத்தகம் எழுதும் முப்பது வயதுக்காரர் இதை விட்டுவிட்டு நேராகப் பெரிய விருதுக்குக் குறிவைத்து, ஐந்து தலைமுறைக் கதையோடு நாற்பதைத் தாண்டுகிறார். அப்போது இளையவர் விருதுக்கு வயது கடந்துவிட்டிருக்கும், பெரிய விருதும் கையில் இருக்காது.

ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது

முதல் நாவல் வெளிவருகிற சந்தோஷத்தில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார்கள். பாதிப்பேருக்கு ஒப்பந்தமே இருக்காது. மீதிப்பேருடையதில் "அனைத்து உரிமைகளும்" என்று ஒரு வரி இருக்கும். விருது கிடைக்காதவரை அந்த வரி தூங்கும். கிடைத்த மறுநாள் எழுந்துகொள்ளும். பிற இந்திய மொழிகளில் மொழிபெயர்க்கக் கேட்பார்கள், பாடத்திட்டத்தில் சேர்க்கக் கேட்பார்கள், சினிமாவுக்குக் கேட்பார்கள். 'குருதிப்புனல்' வேறு பெயரில் படமாயிற்று, 'காவல் கோட்ட'த்தின் ஒரு பகுதி 'அரவான்' ஆயிற்று, விருதுக்கு வெளியே இருந்த 'வெக்கை' முப்பத்தேழு ஆண்டு கழித்து 'அசுரன்' ஆயிற்று. கேட்பவர் உங்களிடம் வருவாரா, பதிப்பாளரிடம் போவாரா என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்யும்.

அச்சு நூலுக்கான உரிமையை மட்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கொடுங்கள். மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல், திரைப்படம் நான்கும் ஆசிரியரிடமே என்று தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். ராயல்டி கணக்கு எந்த மாதம் வரும் என்பதும் அதில் இருக்கட்டும். பதிப்பாளர் முகம் சுளித்தால் ஒருநாள் தள்ளிப்போட்டுக் கையெழுத்திடுங்கள். பிரதியின் மென்கோப்பை அதுவரை அனுப்ப வேண்டாம்.